மழைக்கோட்டுக்குச் சொந்தக்காரர்

ஆகுனை மருத்துவமனையிலிருந்து கூட்டி வந்த அன்றும் மழைதான். எங்கள் துறைமுக ஊரான கீலுங்கில் மழை பெய்யாத நாளைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மலைச்சரிவில் ஏறும் படிச்சந்தில் என் முடிதிருத்தும் கடை, அதற்கு மேல்மாடியில் என் தங்கை பீயுனும் அவள் கணவன் ஆகுனும். டாக்ஸி படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. பீயுன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு அவனை மேலே கொண்டுவந்தோம்.

வாசலில் அவன் நின்றான். செருப்பைக் கழற்றினான். இடது கையால் அவற்றை எடுத்து, இரண்டும் வெளியே பார்க்கும்படி ஓரமாகச் சேர்த்து வைத்தான். பிறகு என் தங்கையைப் பார்த்துக் கேட்டான்.

"உள்ள வரலாங்களா?"

அவன் வீடு அது. பத்து வருடத்துக்கு மேலாகச் செருப்பை திசைக்கொன்றாக உதறிவிட்டு, "உருண்டை, சோறு" என்று கத்திக்கொண்டே நுழைந்த வீடு. உருண்டை என்றால் மீனுருண்டை. என் தங்கைக்குக் கொஞ்சம் வட்ட முகம். அவளைக் கடந்து போகும்போதெல்லாம் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவான். அவளுக்கு எரிச்சல் வரும், ஆனால் தட்டாமல் போனால் அதைவிட எரிச்சல் வரும்.

பீயுன் என்னைப் பார்த்தாள். "வாங்க" என்றாள் அவனிடம். அவளுக்கு வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

மீன்பிடித் துறைமுகத்தின் குளிர்பதனக் கிடங்கில் ஆகுனுக்குப் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிற வேலை. வேலை முடிந்து கடலோரச் சாலையில் வரும்போது, பாறை முட்டிக்கொண்டு நிற்கும் திருப்பத்தில் ஸ்கூட்டர் சறுக்கியது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்துவிட்டது. மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் அவன் கண் திறக்கவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் ஊரில் யாரும் டாக்டரை மட்டும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. விழுந்த அதிர்ச்சியில் உயிர் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். உடம்பு மட்டும் ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விடும். சொந்தக்காரர் யாராவது விழுந்தவரின் வியர்வை பட்ட துணியை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வழி சொல்லி வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். மந்திரித்துவிடுகிற லியாவ் அண்ணன் இதில் கெட்டிக்காரர். பகலில் கேஸ் சிலிண்டர் போடுவார், சாயங்காலம் தெருமுனைக் கோயிலில் ஊதுவத்தி ஏற்றுவார். அதனால் அவர் சாமி கும்பிட்டாலும் கேஸ் வாடைதான் வரும்.

ஆகுனின் சட்டையை அவசரப் பிரிவில் வெட்டி எறிந்திருந்தார்கள். மிச்சம் இருந்தது மஞ்சள் மழைக்கோட்டு மட்டும். ரத்தமும் மழையுமாகச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைப் பிரித்துப் பார்க்க பீயுனுக்கு மனம் வரவில்லை. சுருட்டியபடியே அதற்குள் ஒரு கிண்ணம் அரிசியை வைத்துக் கட்டினாள். நான் ஸ்கூட்டர் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

திருப்பத்தில் இறங்கி அவள் கூப்பிட்டதை இன்னும் மறக்க முடியவில்லை.

"ஆகுன், வீட்டுக்கு வா. இங்க குளிருது. சோறு ஆக்கி வெச்சிருக்கேன். உனக்காக ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கேன், வா."

வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பாலம் வருது, பார்த்து வா. இங்க வலது பக்கம் திரும்பு. படி ஏறணும், மெதுவா ஏறு. மறுநாள் காலையில் ஆகுன் கண் திறந்தான். லியாவ் அண்ணனுக்குப் பெரிய பன்றித்தொடையாக வாங்கிக் கொடுத்தோம்.

அப்படித்தான் அவன் வீட்டுக்கு வந்தான்.

வந்தவன் நல்லவன். குறை சொல்ல எதுவுமில்லை. சோறு போட்டால் "நன்றிங்க" என்பான். பாத்திரத்தைக் கழுவி வைப்பான். வலது கைக்காரன், இப்போது இடது கையால் சாப்பிட்டான், இடது கையால் பல் தேய்த்தான். வினிகர் இல்லாமல் சூப்பைத் தொடாத ஆள், வினிகர் பாட்டிலை மெல்லத் தள்ளி வைத்தான். மாலையானால் ஜன்னலருகே உட்கார்ந்து கடல் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். கட்டிலில் படுக்க மாட்டான். தரையில் சுவரோரமாகப் பாய் போட்டுக்கொண்டு, போர்வையை மார்பு வரை இழுத்து, விருந்தாளிபோல் நேராகப் படுப்பான்.

டாக்டர் ஷாவ் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார். மூளையின் முன்பகுதி நசுங்கியிருக்கிறது, இரண்டு பாதிகளையும் இணைக்கிற நரம்புப் பாலத்திலும் கிழிசல் இருக்கிறது என்றார்.

"குணம்ங்கிறது அந்த முன்பகுதியிலதாம்மா இருக்கு. அங்க அடிபட்டா வாயாடி ஊமையாவாரு, சாது கோபக்காரராவாரு. இவரு வேற ஆளு இல்ல. உங்க வீட்டுக்காரர்தான்."

"அப்ப என் வீட்டுக்காரர் எங்க டாக்டர்?" என்று பீயுன் கேட்டாள்.

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பெண்மணி அவர். பிறகு படத்தை உறைக்குள் போட்டார்.

எனக்கும் ஒரு விஷயம் உறைத்தது. தங்கை கணவனை நான் எப்போதும் அவன் இவன் என்றுதான் சொல்வேன். சில வாரங்களாக என் வாயில் 'அவர்' என்று வருகிறது.

இப்படி இருக்கையில் கிடங்கிலிருந்து ஆகுனோடு வேலை பார்க்கும் கோ வந்தான். மழையில் நனையாமல் ஒரு பையை மார்போடு அணைத்து வைத்திருந்தான். கடையில் என்னிடம் கொடுத்தான்.

"ஆகுனோட மழைக்கோட்டு, அக்கா. ஆணியிலயே தொங்கிக்கிட்டு இருந்துச்சு. சுத்தம் பண்றப்பதான் பார்த்தோம்."

"அவன் கோட்டு இங்கல்ல இருக்கு. ஆஸ்பத்திரியில கொடுத்தாங்களே."

"இல்லக்கா. பாருங்க, பாக்கெட்ல நீல டேப்பு."

பாக்கெட் கிழிந்தபோது பீயுன் ஒட்டிய டேப். எனக்குத் தெரியும். மாடியிலிருந்து பீயுன் அந்த இன்னொரு கோட்டை எடுத்து வந்தாள். அப்போதுதான் முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தோம். ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. டேப் இல்லை.

"கிடங்குல எல்லாருக்கும் ஒரே மஞ்சள்தானே கொடுப்பாங்க," என்றேன். "யாரோடது இது?"

கோவின் முகம் மாறிவிட்டது. கோட்டைத் தொடாமல் ஒரு எட்டு பின்னால் போனான்.

"பான் அண்ணனோடது. பெங்ஹு தீவுக்காரர். கல்யாணம் ஆகல, உறவுன்னு யாரும் இல்ல. சில வருஷம் முன்னாடி மழை இல்லாத ஒரு நாள், கோட்ட ஆணியில விட்டுட்டுப் போனாரு. அந்தத் திருப்பத்துல ஸ்கூட்டர் மட்டும் கிடைச்சுது. ஆளக் கடல் எடுத்துக்கிச்சு. செத்தவர் கோட்டுன்னு யாரும் தொடல. ஆகுன் அவசரத்துல மாத்தி எடுத்துட்டான் போலருக்கு."

"அவருக்காக யாராவது போய்க் கூப்பிட்டாங்களா?" என்று பீயுன் கேட்டாள்.

"யாரு இருக்கா கூப்பிட?"

கோ போகும்போது மாடிப்படியை ஒரு தரம் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பான் அண்ணன் இடது கைக்காரர்க்கா."

மேலே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

பீயுன் அன்று அழவில்லை. பெயர் என்ன சொல்லிக் கூப்பிட்டால் என்ன, கொண்டுபோன கோட்டு அவருடையது, இத்தனை வருடம் மழையில் நின்றவரிடம் போய் சோறு ஆக்கியிருக்கிறேன், உனக்காக ஒருத்தி காத்திருக்கிறேன் என்று சொன்னால் அவர் வராமல் என்ன செய்வார் என்றாள். நீல டேப் ஒட்டிய கோட்டை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். "என்னோட ஆளு இன்னும் அங்கதான்க்கா நிக்கிறான். வண்டிய எடு."

மறுபடியும் திருப்பம், மறுபடியும் அதே வார்த்தைகள், பாலம், படி. நாங்கள் வந்து கதவைத் திறந்தபோது அவன் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"எங்கடி போன உருண்டை? பசி கொல்லுது. வினிகர எங்க ஒளிச்சு வெச்ச?"

என் தங்கை அப்படியே அவன் மடியில் விழுந்து அழுதாள். அவன் வலது கையால் அவள் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டினான். என்னைப் பார்த்து, "கத்திரி அக்கா, இந்தத் தலைய யாரு இப்படி மொட்டையடிச்சது, நீங்களா?" என்றான். மூளை அறுவைக்குச் சிரைத்த தலை. நானும் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அவனுடைய இடது கை மட்டும் தரையில் அசையாமல் கிடந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். வலது கை சட்டைப் பொத்தானைப் போடும், இடது கை பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகக் கழற்றும். சாப்பாட்டு மேசையில் இடது கை தனக்கென்று ஒரு கிண்ணத்தை எடுத்து வைக்கும். பீயுனின் கிண்ணத்தில் நல்ல மீன் துண்டாகப் பார்த்து வைக்கும். ஆகுன் உதறுவதற்காக ஒரு செருப்பைக் கழற்றினால், அது பிடித்து நேராக வைக்கும். முதலில் அவனே அதைக் கேலி செய்தான். "வீட்டுக்கு வேலைக்காரன் வெச்சிருக்கேன், சம்பளம் கேக்க மாட்டான்" என்பான். ஒரு நாள் அப்படிச் சொல்லும்போது இடது கை எழுந்து அவன் வாயைப் பொத்தியது.

டாக்டர் ஷாவ் ஆச்சரியப்படவில்லை. "அந்த நரம்புப் பாலம் கிழிஞ்சதுனாலதான். ஒரு பாதி நினைக்கிறது இன்னொரு பாதிக்குத் தெரியாது. இடது கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். பேய் பிசாசெல்லாம் இல்ல."

அவர் சொன்னது தப்பில்லை. படத்தில் கிழிசல் இருந்தது, நானே பார்த்தேன். ஆனால் கிழிந்த பாலத்தின் அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று படத்தில் தெரியாது.

ஒரு காலையில் மாடியிலிருந்து பீயுன் அலறினாள். ஓடினேன். ஆகுனின் இடது கை அவன் கழுத்தைப் பிடித்திருந்தது. முகம் நீலம் பாரித்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த விரல்கள் பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தன. கடல்பாசி வாடை அடித்தது.

"அக்கா," என்றான் ஆகுன், குரல் கிழிந்துபோய். "இது என் கை இல்ல. அவருக்கு இங்கேயே இருக்கணுமாம். அவர அனுப்பிடுங்க, இல்லன்னா நான் போயிடுவேன்."

லியாவ் அண்ணன் வந்தார். பானின் கோட்டை ஒரு கிண்ணம் அரிசியோடு சிவப்புத் துணியில் கட்டி, கடை அலமாரியில் வைத்தார்.

"நாளைக்குப் போங்க. மூட்டையப் பிரிக்கக் கூடாது. உனக்கு இங்க இடம் இல்லன்னு சொல்லிக் கடல்ல எறியணும். எறிஞ்சதும் திரும்பிப் பாக்காம வரணும். பின்னாலருந்து கூப்பிடும். எந்தக் குரல்ல வேணா கூப்பிடும். பதில் சொன்னீங்கன்னா உங்களோடயே வந்துடும்."

மறுநாள் காலை நான் கடையைத் திறக்க வந்தபோது ஆகுன் அங்கே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். எப்போது இறங்கி வந்தானோ தெரியவில்லை. வாய் திறந்து லேசாகக் குறட்டை விட்டான். இடது கை மட்டும் அலமாரியில் இருந்த சிவப்பு மூட்டையின் மேல் கிடந்து, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் தட்டிக்கொண்டிருந்தது. நான் கையை எடுத்து அவன் மடியில் வைத்தேன். தரையில் கொஞ்சம் அரிசி சிந்தியிருந்தது. முந்தின நாள் முடியோடு சேர்த்துக் கூட்டித் தள்ளினேன்.

கதவோர ஆணியில் ஆகுனின் மஞ்சள் கோட்டு சுவரைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

திருப்பத்தில் காற்று பலமாக இருந்தது. பீயுன் மூட்டையை இரண்டு கையிலும் ஏந்தி நின்றாள்.  யாருமே கூப்பிடாத ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு இப்போது போ என்று சொல்வது அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள். "உங்களுக்கு எங்க வீட்டுல இடம் இல்ல. போயிடுங்க. இனிமே வராதீங்க."

எறிந்தாள். அலை வாங்கிக்கொண்டது. நாங்கள் திரும்பி ஸ்கூட்டரை நோக்கி நடந்தோம்.

"உருண்டை."

பீயுனின் நகம் என் கையில் பதிந்தது.

"உருண்டை, எங்கடி போற? நான் இங்க இருக்கேன்."

ஆகுனின் குரல். அச்சு அசல். லியாவ் அண்ணன் சொன்னது சொன்னபடி நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "திரும்பாத" என்று அவள் காதில் முணுமுணுத்தேன். வண்டியைக் கிளப்பினேன்.

"கத்திரி அக்கா, நீங்களாவது திரும்புங்க. குளிருது."

நாங்கள் திரும்பவில்லை.

வீட்டுக்குள் நுழையுமுன்பே தேநீர் வாசனை வந்தது. அவன் வாசலுக்கு வந்து நின்றான். பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தன.

"வாங்க, உள்ள வாங்க. மழையில நனைஞ்சுட்டீங்களே."

இடது கை கெண்டியை எடுத்தது. வலது கை கோப்பையைப் பிடித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று அவ்வளவு ஒத்துழைத்து நான் பார்த்ததில்லை.

நான் கீழே ஓடினேன். ஆணியில் தொங்கிய கோட்டைத் திருப்பினேன். காய்ந்து கறுத்த ரத்தம். பாக்கெட்டைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

டேப் இல்லை.

பின்னாலேயே வந்த பீயுனும் பார்த்தாள். அவள் கத்தவில்லை. கடையின் தரையில் உட்கார்ந்து, "அவனையா போகச் சொன்னேன்?" என்று கேட்டாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

லியாவ் அண்ணனிடம் ஓடினோம். மறுபடி கூப்பிடலாம், ஆனால் ஆகுனின் வியர்வை பட்ட துணி வேண்டும் என்றார். கோட்டு கடலில் போய்விட்டது. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சட்டையையும் இத்தனை வாரமாக அணிந்து, துவைத்து, மடித்து வைத்தவர் பான். எல்லாவற்றிலும் அவர் வியர்வைதான். அலமாரியைத் திறந்தால் கடல்பாசி வாடை வருகிறது.

டாக்டர் ஷாவுக்கு மிகவும் திருப்தி. இரண்டு கைகளும் சமாதானமாகிவிட்டன, மூளை தனக்கென்று வேறு வழி கண்டுபிடித்துவிட்டது என்றார். மாடியில் இருப்பவர் இப்போது கிடங்கில் வேலைக்குப் போகிறார். எல்லோரிடமும் மரியாதையாக நடந்துகொள்கிறார். பீயுன் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் தினமும் மாலை படியேறும்போது அவளுக்கு நல்ல மீனாகப் பார்த்து வாங்கிக் கடை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். அவள் அதைத் தொடுவதில்லை.

பீயுன் நாளுக்கு நாள் இளைத்தாள். வட்ட முகம் போய்விட்டது. ஒரு மதியம் நான் அவளிடம் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருப்பத்துக்குப் போனேன். போய் நின்றேன். பாறையில் மழை வழிந்துகொண்டிருந்தது. நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. சரி போகலாம் என்று திரும்பினேன்.

"கத்திரி அக்கா."

குரல் மிகவும் சன்னமாகிவிட்டிருந்தது. மழை கொஞ்சம் பலத்தால் கேட்காது. எத்தனை பேர் வண்டியில் அந்தத் திருப்பத்தைக் கடந்து போயிருப்பார்கள், அவன் எத்தனை பேரைக் கூப்பிட்டிருப்பான் என்று தோன்றியது. லியாவ் அண்ணன் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் என்னால் முடியவில்லை.

"சொல்லு" என்றேன்.

அதற்குப் பிறகு குரல் கேட்கவில்லை. வரும்போது ஸ்கூட்டரின் பின்பக்கம் கனமாக இருந்தது. பாலம் வரும்போது பாலம் வருது என்று சொன்னேன்.

பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. சூப்பில் நான் வினிகர் ஊற்றிக்கொள்வதைப் பீயுன்தான் கவனித்தாள். அக்காவுக்கு இது புதுப் பழக்கம் என்றாள்.

நேற்று மதியம் கடையில் ஆள் இல்லை. அவள் தலையைக் கழுவிவிட்டேன். தொட்டியில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வலது கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்து நுரையை அலசிக்கொண்டிருந்தேன். என் இடது கை தொட்டி விளிம்பில் இருந்தது. அங்கேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது எழுந்தது.

நான் எழுப்பவில்லை. அந்தத் தோளிலிருந்து கீழே எனக்கு உணர்வே இல்லை. அது அவள் தலைக்கு மேலே போய், உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டியது.

பீயுன் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்து தொட்டித் தண்ணீரோடு போனது.

"ஆகுன்?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். நான்தான்டி, அக்கா, என்று சொல்லத்தான் திறந்தேன். இடது கை வந்து என் வாயைப் பொத்திக்கொண்டது.